மின் திருக்கை: இனம் காணவும், கையாளவும், உயிரோடு கடலில் விடவும் ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் கிழக்கில், வாகரையிலிருந்து பொத்துவில் வரை கரைவலை இழுக்கும் கரைகளில், மடியை அவிழ்க்கும்போது சில வேளை நெத்தலிக்கும் காரலுக்கும் அடியில் வட்டமாக, தடித்து, வழுவழுவென்று ஒரு மீன் கிடக்கும். தெரியாமல் கை வைத்தவருக்கு முழங்கை வரை சுண்டி இழுத்து விறைத்துப் போகும். அதுதான் மின் திருக்கை. இதற்கு முள்ளும் இல்லை, நஞ்சும் இல்லை. சந்தையில் விலையும் போகாது. அதனால் பல இடங்களில் தடியால் அடித்துக் கரையில் எறிந்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யவே தேவையில்லை. சரியாகக் கையாளத் தெரிந்தால் ஒரே நிமிடத்தில் உயிரோடு கடலுக்கு அனுப்பிவிடலாம், அடியும் வாங்க வேண்டியதில்லை.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரு விசயத்தில்தான் நிற்கிறது: கை போவதற்கு முதல் கண் வாலுக்குப் போக வேண்டும். மின் திருக்கையைத் தூக்கப் பாதுகாப்பான இடம் வால். கொட்டும் திருக்கையில் ஆளைக் கொல்லக்கூடிய இடமும் அதே வால்தான். இரண்டையும் மாற்றிப் பிடித்தால் விளைவு மோசமாக இருக்கும்.

படி 1: இது மின் திருக்கைதானா?

ஒரு அடையாளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். கீழே உள்ளவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள். பழகினால் சில வினாடிகளில் முடிந்துவிடும்.

வால்: மின் திருக்கையின் வால் அடியில் தடித்து, சதைப்பிடிப்பாகக் குட்டையாக இருக்கும். நுனியில் நன்றாக விரிந்த ஒரு துடுப்பு, அதாவது உண்மையான மீன் வால், இருக்கும். கொட்டும் திருக்கையின் வாலோ சாட்டை போல மெலிந்து நீளும். அதன் மேற்பக்கத்தில், அடிக்கும் நுனிக்கும் இடையில், பின்னோக்கிய அரம் போன்ற முள் படிந்திருக்கும்.

முதுகுத் துடுப்பு: நம் பக்கத்து மின் திருக்கைகளில் வாலின் மேல் ஒன்று அல்லது இரண்டு சிறிய துடுப்புகள் நிமிர்ந்து நிற்கும். சாட்டை வால் திருக்கைகளில் இப்படி இருக்காது.

தோல்: மின் திருக்கையின் தோலில் செதிலும் இல்லை, முள்ளும் இல்லை, மணல் தாள் போன்ற சொரசொரப்பும் இல்லை. உடல் கொழகொழவென்று தொய்ந்து கிடக்கும். சுறாவும் திருக்கையும் சேர்ந்தது போல இருக்கும் கூர்மூக்கு மீன்களுக்கும் வாலில் துடுப்பு உண்டு. ஆனால் அவற்றின் தலை கூம்பாக நீண்டிருக்கும், தோல் சொரசொரக்கும். குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நீச்சல்: தண்ணீருக்குள் பார்த்தால் இதுவே மிக உறுதியான அடையாளம். மற்றத் திருக்கைகள் உடலின் ஓரத்தை அலை போல அசைத்தோ, இறக்கை போல அடித்தோ நீந்தும். மின் திருக்கையின் வட்ட உடலுக்குள் மின் உறுப்பே நிறைந்திருப்பதால் அதை அப்படி அசைக்க முடியாது. சுறா போல வாலை இரு பக்கமும் ஆட்டித்தான் போகும், அதுவும் மெதுவாக.

வாலில் முள் தெரியவில்லை என்பதற்காக மட்டும் மின் திருக்கை என்று எண்ணிவிடாதீர்கள். முள் உடைந்த கொட்டும் திருக்கையும் வலையில் வரும். வால் நுனியில் துடுப்பு, வாலின் மேல் துடுப்பு, வழுவழுத் தோல் ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் உறுதி. ஒன்று குறைந்தாலும் முள் உள்ள திருக்கையாகவே எண்ணி வாலை விட்டு விலகி நில்லுங்கள்.

படி 2: கரண்ட் எங்கேயிருந்து எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

தலைக்கு இரண்டு பக்கமும், வட்ட உடலுக்குள், சிறுநீரக வடிவில் ஒவ்வொரு மின் உறுப்பு இருக்கிறது. அடிப்பக்கத்தின் மெல்லிய தோலைக் கவனித்துப் பார்த்தால் தேன்கூட்டு அறைகள் போன்ற கோடுகள் மங்கலாகத் தெரியும். அவை நிமிர்ந்து நிற்கும் தூண்கள். ஒவ்வொரு தூணிலும் மெல்லிய தட்டுக் கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும், டோர்ச்சுக்குள் பற்றரிகளை வரிசையாகப் போடுவது போல. ஒரு தட்டு தருவது ஏறக்குறைய பத்தில் ஒரு வோல்ற்தான். நூற்றுக்கணக்கான தட்டுகள் அடுக்காக நிற்பதால் வோல்ற்றளவு ஏறுகிறது. நூற்றுக்கணக்கான தூண்கள் பக்கம் பக்கமாக நிற்பதால் மின்னோட்டம் பெருகுகிறது. 1773 இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜோன் ஹண்டர் இந்த மீனை அறுத்துப் பார்த்து, ஒரு மீனின் ஓர் உறுப்பில் ஏறக்குறைய 470 தூண்கள் எண்ணியிருக்கிறார்.

அதற்கு முந்திய ஆண்டு, 1772 இல், ஆங்கிலேய ஆய்வாளர் ஜோன் வால்ஷ் பிரான்சின் லா ரொஷெல் கரையில் செய்த சோதனைகள் நமக்கு இன்னும் நேரடியாக உதவும். மேல்பக்கமும் அடிப்பக்கமும் எதிரெதிர் முனைகள் என்பதை அவர் காட்டினார். மேல் முதுகு நேர் முனை, வயிறு எதிர் முனை. ஒரு கையை மேலேயும் மற்றக் கையைக் கீழேயும் கொடுத்து மீனைத் தூக்கினால், உங்கள் இரண்டு கைகளும் நெஞ்சும் அந்தச் சுற்றின் பகுதியாகிவிடும். மீனைத் தூக்க எல்லாரும் இயல்பாகச் செய்வதும் இதுதான். ஆகக் கெட்ட பிடியும் இதுதான்.

கரையில் ஏன் அடி பலமாகப் படுகிறது என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. கடலுக்குள் இருக்கும்போது உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் பெரும்பகுதி தண்ணீர் வழியாகவே பரவிப் போய்விடும். காற்றில் தூக்கியதும் அந்த வழி அடைபடுகிறது. மீதி வழி உங்கள் ஈரக் கைதான்.

அடி ஒரே தடவையில் முடிவதில்லை. சில மில்லிசெக்கன் நீளமுள்ள துடிப்புகள் வரிசையாக வரும். முதல் துடிப்புகளே பலமானவை. தொடர்ந்து அடிக்க அடிக்க உறுப்பு களைக்கும், ஓய்ந்த பின் திரும்பவும் ஏறும். ஆகவே இரண்டு தரம் அடித்துவிட்டது, இனி அடிக்காது என்று நம்பித் தொடக்கூடாது. அசையாமல் செத்தது போலக் கிடப்பதும் தொட்டால் அடிக்கும். பிறந்த குட்டிக்கும் அடிக்கத் தெரியும்.

படி 3: எந்த இனம்?

உலகில் அறுபதுக்கு மேற்பட்ட மின் திருக்கை இனங்கள் இருக்கின்றன. நம் கரையில் இனம் காண முதலில் முதுகுத் துடுப்பை எண்ணுங்கள், பிறகு வாயைப் பாருங்கள். நிறத்தைக் கடைசியாக வையுங்கள். ஒரே இனத்தில் வெறும் பழுப்பும் புள்ளியுள்ளதும் வரும், செத்த பிறகு நிறம் மங்கியும் போகும்.

ஒரே ஒரு முதுகுத் துடுப்பு இருந்தால் அது நார்க்கே டிப்டெரிஜியா. சிறியது, வட்டமானது, உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிதாகத்தான் பெரும்பாலும் காணக் கிடைக்கும். மணலும் சேறும் கலந்த ஆழமில்லாத அடித்தளத்தில் வாழும். சிறிய மீன் என்பதால் அடியும் சிறியது, ஆனாலும் விரல் விறைக்கும்.

இரண்டு முதுகுத் துடுப்பு, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, வாய் சின்னது என்றால் நார்சின் பேரினம். நம் பக்கத்தில் நார்சின் டிம்லெய். முன்னங்கை நீளத்துக்கு வளரும். வாயை மெதுவாக ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்தால் குழாய் போல முன்னுக்கு நீளுவதைக் காணலாம். அந்தக் குழாயால்தான் மணலுக்குள் இருக்கும் புழுக்களை உறிஞ்சித் தின்கிறது. வாய் மூடியிருக்கும்போதும் பற்களின் பட்டை வெளியே தெரியும். இந்த இனத்தையும் நார்க்கே டிப்டெரிஜியாவையும் 1801 இல் பிளொக், ஷ்னைடர் ஆகியோரின் நூல் விவரித்தது. இரண்டுக்கும் மாதிரி மீன் போனது தமிழ்நாட்டுக் கரையில் உள்ள தரங்கம்பாடியிலிருந்துதான்.

இரண்டு முதுகுத் துடுப்பு, முன்னது பெரிது, பின்னது சிறிது, வாய் அகலமானது, தலையின் முன்விளிம்பு வளையாமல் வெட்டிவிட்டது போல ஏறக்குறைய நேராக இருக்கிறது என்றால், அது டோர்பீடோ பேரினம். இந்து சமுத்திரத்தில் பெயர் பெற்றது டோர்பீடோ சைனஸ்பெர்சிசி: கரும்பழுப்பு முதுகில் வெளிர்மஞ்சள் வரிகள் பின்னிக்கிடக்கும். கண்ணுக்குப் பின்னால் உள்ள மூச்சுத் துளையைச் சுற்றி சிறு சதை முனைகள் வட்டமாக நிற்பதைக் கவனியுங்கள். ஒரு மீட்டர் அளவுக்கு வளரக்கூடியது. இவற்றில் மிகுந்த கவனம் வேண்டியது இதற்குத்தான். மீன் தின்னும் வேட்டைக்காரன் இது. மணலில் புதைந்து காத்திருந்து, மேலே வரும் மீனின் மீது பாய்ந்து, உடலால் போர்த்தி, கரண்ட் அடித்து முழுதாக விழுங்கும்.

முதுகுத் துடுப்பே இல்லாத இனமும் உண்டு. டெமெரா ஹார்ட்விக்கி என்னும் அது வங்கக் கடலின் மறுகரையில், அந்தமான் கடலிலும் மலாக்கா நீரிணையிலும் வாழ்கிறது. அரபிக் கடலின் ஆழத்தில் பெந்தோபாற்றிஸ் மொரெஸ்பை என்ற ஓர் இனம் இருக்கிறது. வெளிச்சமே எட்டாத இடம் என்பதால் அதன் கண்கள் பயனற்றுச் சுருங்கிவிட்டன. இவை நம் வலைக்கு வரப்போவதில்லை.

அடியின் அளவை ஒப்பிட வெளிநாட்டு இனங்கள் உதவும். அத்திலாந்திக்கின் பெரிய மின் திருக்கை 1.8 மீட்டர் நீளமும் 90 கிலோ எடையும் வரை வளரும், 220 வோல்ற் வரை எழுப்பும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள இனம் 45 வோல்ற் அளவில் நிற்கும். கரீபியன் பக்கத்துச் சிறிய நார்சின் இனத்துக்கு 14 முதல் 37 வோல்ற். ஆகவே நம் கரையில் துடுப்பையும் தலை விளிம்பையும் பார்த்துப் பேரினத்தைத் தெரிந்துகொண்டால், எவ்வளவு கவனம் வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

படி 4: கையில் இருக்க வேண்டியவை

- முழங்கை அளவு நீளமுள்ள தடித்த றப்பர் கையுறை ஒரு சோடி. ஓட்டை இருக்கக்கூடாது, உட்பக்கம் ஈரமாகவும் இருக்கக்கூடாது. பாவிக்க முதல் காற்று ஊதி முறுக்கிப் பாருங்கள், கசிந்தால் எறியுங்கள். துணிக் கையுறை ஈரமானதும் பயனில்லை.
- தட்டையான பிளாஸ்டிக் மூடி, பிளாஸ்டிக் பலகை, அல்லது ரெஜிபோம் பெட்டியின் மூடி. மண்வெட்டி போல மீனுக்கு அடியில் செருகத்தான் இது.
- அகலமான பிளாஸ்டிக் பேசின்.
- நன்றாகக் காய்ந்த மரத்தடி ஒன்று.
- காலில் றப்பர் செருப்பு அல்லது சப்பாத்து.

இரும்புக் கொக்கி, கத்தி, அலுமினியச் சட்டி எதையும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறிய கயிறும் வலையும் கூடக் கடத்தும். வலையைப் பிடித்திருக்கிறேன், மீனைத் தொடவில்லை என்பது பாதுகாப்பு ஆகாது.

படி 5: வலையிலிருந்து கடலுக்கு

கரைவலையில் வந்தால்: மடியை அவிழ்த்ததும் கையை உள்ளே விட்டு அளையாமல், மீனை மணலில் பரவலாகக் கொட்டுங்கள். அதிகம் பேர் அடி வாங்குவது குவியலுக்குள் கை விட்டுக் கிளறும்போதுதான். வெறுங்காலோடு சுற்றி நிற்கும் பிள்ளைகளை ஒதுக்குங்கள். மரத்தடியால் மற்ற மீன்களை விலக்கி, படி 1 இல் சொன்ன மூன்று அடையாளத்தையும் பாருங்கள். உறுதியானதும் பிளாஸ்டிக் மூடியை வால் பக்கத்திலிருந்து அடியில் செருகித் தூக்கி, கடல் தண்ணீர் நிரப்பிய பேசினுக்குள் வழுக்கி விடுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றவே வேண்டாம், அதில் இந்த மீன் தாங்காது.

மூடி இல்லாத நேரத்தில், உலர்ந்த றப்பர் கையுறையோடு வால் நுனித் துடுப்புக்குச் சற்று மேலே, ஒரே கையால் பிடித்து எடுக்கலாம். மின் உறுப்பு தலைப் பக்கத்தில் இருப்பதால் இங்கே அடி மிகக் குறைவு. சிறிய மீனுக்கு மட்டும் இது சரி, அதுவும் இரண்டு மூன்று வினாடிக்குள் பேசினுக்குள் போட்டுவிட வேண்டும். பெரிய டோர்பீடோவை வாலில் தொங்கவிட்டால் அதன் எடையே முதுகெலும்பைக் குலைத்துவிடும். மற்றக் கையை வயிற்றுப் பக்கம் கொடுத்துத் தாங்கப் போகாதீர்கள். அதுதான் படி 2 இல் சொன்ன கெட்ட பிடி.

அடியில் விடும் வலையில் சிக்கினால்: வள்ளத்துக்குள் ஏற்றாமல், பக்கத்திலேயே தண்ணீருக்குள் வைத்து, மீன் இருக்கும் வலைத்துண்டை மட்டும் தளர்த்துங்கள். உடல் வழுவழுப்பாக இருப்பதால் பெரும்பாலும் வால் துடுப்பில்தான் கண்ணி மாட்டியிருக்கும். கண்ணியை மரக் குச்சியால் தள்ளிப் பாருங்கள். போகாவிட்டால் ஒரு கண்ணியை அறுத்துவிடுங்கள், அது சிறிய இழப்புத்தான். வள்ளத்துக்குள் ஏற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் அடியில் தேங்கிய தண்ணீரை இறையுங்கள். தேங்கிய உப்புத் தண்ணீரில் வெறுங்காலோடு நிற்பவருக்கும் கரண்ட் எட்டும்.

தூண்டிலில் வந்தால்: தூண்டிலை எடுக்க வாய்க்குள் விரல் விட வேண்டாம். நூலை வாய்க்கு மிகக் கிட்ட அறுத்து அப்படியே விடுங்கள்.

விடும் இடமும் முக்கியம். பிடித்த கடலிலேயே விடுங்கள், வாவிக்குள் கொண்டுபோய் விடாதீர்கள். பாசிக்குடா போல அலை குறைந்த கரையில் முழங்கால் ஆழம் போதும். கல்லடி, திருக்கோவில் போல அலை உடைந்து அடிக்கும் கரையில் அங்கே விட்டால் அடுத்த அலை புரட்டி மணலில் போட்டுவிடும். வாலால் மெதுவாக நீந்தும் மீனுக்கு அந்த இழுவையை எதிர்க்க வலு இல்லை. அலை உடையும் இடத்தைத் தாண்டி, வள்ளம் போகும்போது கொடுத்துவிடுவது நல்லது. அதுவரை பேசினை நிழலில் வைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். வயிறு மேலே இருக்க எறிய வேண்டாம். பேசினைத் தண்ணீருக்குள் தாழ்த்திச் சரித்தால் தானே இறங்கிப் போகும்.

இவ்வளவு பாடுபட ஒரு காரணம் இருக்கிறது. மின் திருக்கைகள் முட்டையைத் தண்ணீரில் கொட்டுவதில்லை, குட்டி போடுகின்றன. நெத்தலி ஆயிரக்கணக்கில் முட்டை விடும், இழப்பை ஈடுசெய்துகொள்ளும். சில குட்டிகளே போடும் மீனுக்கு அது முடியாது. வயிறு பருத்த ஒரு பெண் மீனைக் கரையில் எறிந்தால் போவது ஒரு தலைமுறை.

படி 6: அடி வாங்கிவிட்டால்

முதலில் தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள். கரண்டால் மட்டும் ஆரோக்கியமான பெரியவர் உயிரிழப்பது அரிது. இடுப்பளவு தண்ணீரில் கால் விறைத்து விழுவதுதான் ஆபத்து. கை கால் விறைப்பும் தசைப் பிடிப்பும் பெரும்பாலும் சில நிமிடங்களில் விட்டுவிடும். உட்கார வையுங்கள், விறைப்பு முழுதாகப் போகும்வரை கடலுக்குள் விடாதீர்கள்.

இதய வருத்தம் உள்ளவர், பேஸ்மேக்கர் பூட்டியவர், கர்ப்பிணி, சின்னப் பிள்ளை ஆகியோருக்கு விறைப்பு விட்டாலும் வைத்தியசாலையில் காட்டுங்கள். நெஞ்சு படபடப்பு, மயக்கம், மூச்சுத் திணறல் இருந்தால் யாராக இருந்தாலும் தாமதிக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். மூச்சு நின்றிருந்தால் அம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்துங்கள்: நெஞ்சின் நடுவில், 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. 30 அழுத்தலுக்கு 2 தடவை வாயால் ஊதுங்கள். தண்ணீரில் மூழ்கியவருக்கு அந்த ஊதல் மிக அவசியம்.

காயமும் இரத்தமும் தாங்க முடியாத எரிச்சலும் இருந்தால் அது மின் திருக்கை இல்லை, கொட்டும் திருக்கை. அதற்கு வைத்தியம் வேறு. கொட்டிய இடத்தை 45 பாகைக்கு மேற்படாத சுடுதண்ணீரில் 30 முதல் 90 நிமிடம் வையுங்கள். சூட்டை அடிபடாத கையால் சோதியுங்கள். அடிபட்ட இடம் சூடு உணராமல் வெந்துவிடக்கூடும். நெஞ்சு, வயிறு, கழுத்தில் முள் குத்தி நின்றால் பிடுங்காமல் அப்படியே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். ஏற்பு ஊசியும் கேளுங்கள்.

கரண்ட் அடித்தால் வாதம் போகும், தலையிடி போகும் என்று சொல்வோர் உண்டு. இது பழைய நம்பிக்கை. முதலாம் நூற்றாண்டில் ரோமாபுரியின் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர் தலையிடிக்கும் கால் வாதத்துக்கும் இந்த மீனை வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். மீன் எத்தனை வோல்ற் விடும் என்று யாருக்கும் அளந்து கொடுக்க முடியாது. இதை முயலவே வேண்டாம். மருத்துவத்துக்கு இந்த மீன் தந்த உண்மையான கொடை ஆய்வுகூடத்தில் இருக்கிறது. நரம்பு தசைக்குக் கட்டளை அனுப்பும்போது அதை வாங்கும் அசற்றைல்கோலின் வாங்கி என்னும் புரதம், மின் உறுப்பில் அடர்த்தியாக இருக்கிறது. 1982 இல் ஜப்பானின் ஷோசகு நூமாவின் குழு, அமெரிக்க மேற்குக் கரை மின் திருக்கையிலிருந்துதான் அதன் ஒரு பகுதியின் மரபணு வரிசையை வாசித்தது. நாகபாம்பின் நஞ்சு போய் அடைப்பதும் நம் தசையில் உள்ள இதே வகை வாங்கியைத்தான்.

படி 7: குளிப்போரும் சுழியோடிகளும்

பகலில் இவை மணலுக்குள் புதைந்து கண்ணும் மூச்சுத் துளையும் மட்டும் வெளியே தெரியக் கிடக்கும், இரவில் வேட்டைக்கு எழும். ஆழமில்லாத மணற்கரையில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலை உரசி இழுத்து நடவுங்கள். கொட்டும் திருக்கையும் இதனால் விலகிவிடும், ஒரே பழக்கம் இரண்டுக்கும் காவல். சுழியோடிகள் அடித்தளத்தில் முழங்காலூன்றவோ கை ஊன்றவோ முதல் மணலைப் பாருங்கள். மணலில் ஒரு வட்டத்தின் விளிம்பும் அதன் பின்னால் ஒரு சிறு துடுப்பும் தெரிந்தால் ஒரு பாகத் தூரமாவது (இரு கைகளையும் விரித்த நீளம்) விலகுங்கள். மீன் உங்களை நோக்கி வந்தால் கையால் தள்ளாமல் மேலெழுந்து வழி விடுங்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் தண்ணீர் கலங்கி அடித்தளம் தெரியாது, அந்த நாட்களில் மணலில் இறங்காமல் இருப்பதே மேல்.

படி 8: பதிவு செய்யுங்கள்

விடுவதற்கு முன், மீன் பேசினில் இருக்கும் ஒரு நிமிடத்தில், நான்கு படம் எடுங்கள்: மேலிருந்து முழு உடல், பக்கவாட்டில் முதுகுத் துடுப்புகள், கண்ணும் மூச்சுத் துளையும் கிட்டத்தில், தலையின் முன்விளிம்பு. பேசினுக்குப் பக்கத்தில் அளவுக்கு ஒரு அடிமட்டம் வையுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை நீளம், உடல் வட்டத்தின் ஆகக் கூடிய அகலம் இரண்டையும் எழுதுங்கள். வாலடித் துடுப்புகளின் உட்புறத்தில் விரல் போன்ற இரண்டு உறுப்பு நீண்டிருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண். வாயும் ஐந்து சோடிச் செவுள் பிளவும் அடிப்பக்கத்தில் இருப்பதால், செத்த மீன் கிடைத்தால் அதைத் திருப்பி அவற்றையும் படம் எடுங்கள். உயிருள்ளதைத் திருப்ப வேண்டாம்.

திகதி, இடத்தின் பெயர், எந்த வலை, எத்தனை பாக ஆழம், அடித்தளம் மணலா சேறா என்பதையும் சேர்த்து, பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடமோ, நாரா (தேசிய நீர்வாழ் வள ஆராய்ச்சி) நிறுவனத்திடமோ, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக விலங்கியல் துறையிடமோ கொடுங்கள். விலை போகாத மீன் என்பதால் இது சந்தைக்கும் வராது, பிடிபட்ட கணக்கிலும் ஏறாது. செத்தது கிடைத்து மாதிரியாக வைக்க விரும்பினால், கழுவாமல், வால் மடியாதபடி தட்டையாகப் பையில் இட்டு ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கையளியுங்கள். ஐஸில் வைக்கும்போதும் றப்பர் கையுறையைக் கழற்ற வேண்டாம்.